பெற்றோரைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

முதியோரைப் பேணுவதில் நாம் எவருக்கும் பின்னிற்பவர்கள் அல்லர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். மேலைநாட்டவர் பெற்றோரை இல்லங்களில் விட்டுவிடுகின்றார்கள், எங்கள் ஊரில் குடும்பம் பார்க்கும் என்கின்றோம். மன்னார்த் தீவிலும் பெருநிலப்பரப்பிலும் வயோதிபர்கள் பெரும்பாலும் தம் சொந்த வீட்டிலோ பிள்ளையொருவரின் வீட்டிலோதான் வாழ்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் "குடும்பம் பார்க்கிறது" என்று சொல்லும்போது, அந்தக் குடும்பத்தில் உண்மையில் பார்ப்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விடை பெரும்பாலும் ஒன்றுதான். ஆறு பிள்ளைகளைப் பெற்ற தாயை ஒரு மகள் பார்க்கிறாள். அல்லது ஒரு மருமகள் பார்க்கிறாள். மற்ற ஐவரும் விசாரிக்கிறார்கள்.

பெற்றோரைப் பேணுவது எல்லாப் பிள்ளைகளினதும் கடமை என்றால் அதன் பாரமும் எல்லாப் பிள்ளைகளாலும் பங்கிடப்பட வேண்டும். பணத்தை மட்டுமல்ல, நேரத்தையும் ஓய்வையும் காணியையும் வைத்து அந்தப் பங்கீடு நடைபெற வேண்டும். இதையே இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகின்றேன்.

இடப்பெயர்வு பிரித்த கைகள்

வயலோடு வாழ்ந்த குடும்பத்தில் முதுமை தனியானதொரு பிரச்சினையாகத் தெரியவில்லை. ஐயா மாட்டை அவிழ்த்துக் கட்டுவார், கதிர் முற்றும் காலத்தில் குருவி கலைப்பார், விதைநெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து முளைக்குமா முளைக்காதா என்று சொல்லுவார். ஆச்சி பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார். சீதனமாகக் கொடுத்த வீட்டில் மகள் அதே வளவில் இருப்பாள். மகன் அடுத்த ஒழுங்கையில் இருப்பான். பெற்றோர் படுக்கையில் விழுந்தாலும் தூக்குவதற்கு நாலு கைகள் கிட்டவே இருந்தன. யார் எவ்வளவு செய்தார் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கைகளைப் போர் பிரித்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் கொட்டில் போட்டார்கள். மடுவிலும் பேசாலையிலும் இருந்த திறந்த நிவாரண நிலையங்களில் ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்காகத் தங்கினர். இன்னும் பலர் படகேறி இராமேஸ்வரம் சென்று தமிழக முகாம்களுக்குப் போனார்கள். 2007 செப்டெம்பரில் முசலிப் பகுதி மக்கள் எழும்பினார்கள். 2008இல் மாந்தை மேற்கு மக்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை சென்று, 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் அடைபட்டார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு பிள்ளை ஓரிடத்தில் தங்கிவிட்டது. வேறு சில பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். முதுமையில் தன்னைப் பார்ப்பான் என்று நம்பியிருந்த மகனைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்து, விடை தெரியாமலே கண்மூடிய தாய்மார் எமது மாவட்டத்திலும் உண்டு.

மீள்குடியேற்றம் இன்னொரு பிரிவைக் கொண்டுவந்தது. இதைப் பற்றி நாம் போதியளவு பேசவில்லை. 2009இன் பின் பாதை திறந்தபோது பல குடும்பங்களில் முதலில் ஊருக்குத் திரும்பியவர்கள் வயது போனவர்கள்தான். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடமும் தொழிலும் இருந்தன. பற்றை மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கவும், கிராம அலுவலரிடம் பதிவு செய்யவும், வீட்டுத்திட்டத்திற்கு முகம் காட்டவும், எல்லைக்கல்லுக்குக் காவல் இருக்கவும் பெற்றோர் வந்தார்கள். வந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். காணிக்குக் காவலாக வந்த இவர்களுக்கு இன்று யார் காவல்? முள்ளிக்குளம் மக்களின் நிலை வேறு. அவர்களுடைய ஊரைக் கடற்படை எடுத்துக்கொண்டது; 2017இல் காணியில் ஒரு பகுதி மாத்திரம் விடுவிக்கப்பட்டது. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் காத்திருந்த காலத்திலேயே அங்குள்ள பெற்றோர் பலர் முதியோர் ஆகிவிட்டனர்.

இதற்குள் நாடு முழுவதுமே வயதாகிக்கொண்டு வருகின்றது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அறுபதும் அதற்கு மேலும் வயதானோர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 2012இல் அது பன்னிரண்டுக்கு மேல். பார்க்கப்பட வேண்டியவர்கள் கூடுகிறார்கள். பார்க்கக்கூடிய பிள்ளைகளோ வீட்டில் குறைகிறார்கள்.

காசு செய்யாத வேலை

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். இப்படியொரு குடும்பம் முருங்கனிலும் இருக்கலாம், அடம்பனிலும் இருக்கலாம், சிலாவத்துறையிலும் இருக்கலாம். தாய்க்கு எழுபத்தெட்டு வயது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காது. மூத்த மகன் சுவிஸில், அடுத்தவர் கொழும்பில், ஒரு மகள் தமிழக முகாமில். கடைசி மகள் தாயோடு. அவளுடைய கணவர் கூலிக்கு வயல் வேலை செய்பவர்.

அந்த மகள் விடியுமுன் எழும்புகிறாள். தாயைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்குகிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். புண் வராமல் இருக்கத் தாயை இரண்டு மணித்தியாலத்திற்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆசுப்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பகலில் திருப்பலாம், இரவில்? கிளினிக் நாளில் முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். அன்றைக்குக் கணவரின் கூலியும் போய்விடும். ஒரு கலியாண வீட்டிற்கோ செத்த வீட்டிற்கோ போய் வர முடியாது. இரண்டு வருடத்தில் அவளுக்கே நாரி நோவு, பிரஷர், நித்திரையின்மை. அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

சுவிஸில் இருக்கும் மகன் மோசமானவர் அல்லர். மாதாமாதம் காசு அனுப்புகிறார். ஆனால் தொலைபேசியில் பேசும்போது, "அம்மா மெலிஞ்சு போனா, நீ வடிவாச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிடுகிறார். தங்கை என்ன சொல்லுவாள்? "அண்ணா, நீங்க அனுப்புற காசு வருகுது. ஆனா ராவில அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்குக் காசு எழும்பி வராது." இப்படிச் சொல்ல அவளுக்கு மனம் இருக்கும், வாய் வராது. சொன்னால் பெற்ற தாயைப் பாரம் என்று சொன்னவள் ஆகிவிடுவாள். இந்தப் பயமே பார்ப்பவரின் வாயை அடைத்து வைத்திருக்கிறது. வாய் அடைபட்ட இடத்தில் களைப்பு கோபமாக மாறும். கோபம் சில வேளை அந்தக் கிழவி மேலேயே விழும். முதியோர் வீட்டில் ஏச்சுக்கும் அடிக்கும் ஆளாகின்றனர் என்று கேள்விப்பட்டால் நாம் அந்த மகளைப் பழிக்கின்றோம். அவளைத் தனியே விட்ட மற்றப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த நாம்

எமது விவசாயிகளுக்குப் பங்கீடு புதிய காரியம் அல்ல. அருவியாற்றின் தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குளத்திற்கு நீர் வருகிறது. அந்தக் குளத்தை நம்பி ஏறத்தாழ 24,000 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்திற்குப் பின் குளத்தில் மிஞ்சும் தண்ணீர் அத்தனை வயலுக்கும் போதாது. அதற்காக மடைக்குக் கிட்ட இருப்பவன் மாத்திரம் விதைக்கட்டும், கடைவாய்க்காலில் இருப்பவன் பட்டினி கிடக்கட்டும் என்று நாம் விடுவதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. இருக்கிற நீருக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று கணக்குப் பார்த்து, சிறுபோகக் காணி பங்கிடப்படுகிறது. சண்டை வரும், சத்தம் வரும். ஆனாலும் கூட்டத்தில் எடுத்த முடிவுக்கு எல்லாரும் கட்டுப்படுகிறோம்.

தண்ணீருக்குக் கூட்டம் கூடுகின்ற நாம் பெற்றோருக்காக ஏன் கூடக்கூடாது? காலபோகத்திற்கு முன் ஒரு தடவை, சிறுபோகத்திற்கு முன் ஒரு தடவை, ஆண்டில் இருமுறை பிள்ளைகள் எல்லாரும் பேசட்டும். கனடாவில் இருப்பவரும் முகாமில் இருப்பவரும் இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். தூரம் இனிச் சாட்டு அல்ல. அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவை ஐந்து என்பது எனது எண்ணம்.

முதலாவது, பெற்றோரின் விருப்பம். அவர்களும் கூட்டத்தில் இருக்க வேண்டும். "அம்மாவைக் கொழும்புக்குக் கொண்டு போவோம்" என்று பிள்ளைகள் முடிவு கட்டும்போது, தன் வளவை விட்டு வர மனமில்லாத தாயை எவரும் கேட்பதில்லை. வாழ்நாளில் நாலைந்து தடவை இடம்பெயர்ந்தவரைக் கடைசியில் பிள்ளைகளே இன்னொரு தடவை இடம்பெயர்க்கக்கூடாது.

இரண்டாவது, செலவு. மருந்து, போக்குவரத்து, சத்துணவு என்பவற்றோடு, பார்ப்பவர் இழக்கின்ற கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுப்பப்படும் பணம் "அம்மாவுக்கு" மட்டுமல்ல, அம்மாவைப் பார்ப்பவருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள். அப்பொழுதுதான் அந்தக் காசில் தனக்கொரு செருப்பு வாங்க அவள் கூச்சப்படமாட்டாள்.

மூன்றாவது, முறை. கிட்ட இருப்பவர்கள் இரவுகளைப் பங்கிடலாம். தூர இருப்பவர்கள் ஆண்டில் சில வாரங்கள் வந்து நின்று பார்க்கலாம். ஊர்த் திருவிழாவுக்கு வரும் மகன் அந்த நாட்களில் தங்கையை வெளியே போகவிட்டுத் தானே தகப்பனைப் பார்க்கட்டும். தகப்பனைக் குளிப்பாட்டுவது மகனுக்கு இழுக்கல்ல. ஆண்பிள்ளை இருக்க, மருமகள் கூசிக் கூசி அதைச் செய்வதுதான் இழுக்கு.

நான்காவது, அவசர ஏற்பாடு. மருந்துத் துண்டு, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, காணிப் பத்திரங்களின் பிரதிகள் என்பன ஒரே பையில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம், போர் முடிந்தாலும் ஓட்டம் முடியவில்லை என்பதைக் காட்டியது. வெள்ளம் வந்தால் நடக்க இயலாதவரை யார் தூக்குவது, எந்த வீட்டிற்குக் கொண்டு செல்வது என்பதை மழைக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவது, காணி. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

காணிப் பேச்சு

மணம் முடிக்காமல் பெற்றோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளை நினைத்துப் பாருங்கள். இடப்பெயர்வில் சீதனக் காசு கரைந்தது, வயது போனது, கலியாணம் நடக்கவில்லை. இருபது வருடம் அவள் பெற்றோரைப் பார்க்கிறாள். தகப்பனின் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் வீடு யாருக்கு என்ற பேச்சு எழும்புகிறது. அதுவரை எட்டியும் பாராதவர்கள் பங்கு கேட்டு வருகிறார்கள். பெற்றோரைப் பார்த்தவளே வீடற்றவளாகிறாள். இதை நாம் அநீதி என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

எமது தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. சொத்தையும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் அன்றே எங்களிடம் இருந்தது. இந்தியாவிலும் 2007இல் வந்த சட்டம் ஒன்று, பராமரிப்பதாக ஒப்புக்கொண்டு சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை பராமரிக்காவிட்டால் அந்த எழுத்தை இரத்துச் செய்ய வழி வைத்தது. ஆகவே பெற்றோர் தெளிவான அறிவோடு இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளும் அறிய, காணியைப் பற்றி முடிவு செய்வது பேராசையும் அல்ல, அபசகுனமும் அல்ல. உறுதிக் காணியாயின் ஆயுள் உரித்தைத் தமக்கென வைத்துக்கொண்டே பெற்றோர் எழுதலாம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவர்களிடமே இருக்கும்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் தமக்குப் பின் உரித்தாளர் யார் என்று பெயர் குறித்துப் பதிவு செய்யலாம். பெயர் குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் வரிசைப்படிதான் காணி போகும். நீண்ட காலமாக அந்த வரிசையில் ஆண்பிள்ளைக்கே முன்னிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆயினும் யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பதைச் சட்டம் கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர் பெற்றோர். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று, உரித்தாளர் பெயர் பதிவாகியுள்ளதா என்று இன்றே பாருங்கள். போரில் பத்திரம் தொலைந்திருந்தால் அதையும் சேர்த்து விசாரியுங்கள்.

சட்டமும் அரசும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும் அவர்களின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் சொல்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபையையும் அச்சட்டம் அமைத்தது. பிரதேச செயலகத்தில் உள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் வழி கேட்கலாம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக எந்தத் தாய் கையெழுத்து வைப்பாள்? "அவன் பாவம், அவனுக்கும் கஷ்டம்" என்றுதான் சொல்லுவாள். சட்டம் கடைசி வாசல். குடும்பம் பேசித் தீர்ப்பதே முதல் வாசல்.

அதற்காக அரசாங்கம் தன் பங்கிலிருந்து தப்பிவிட முடியாது. குறைந்த வருமானமுள்ள, எழுபது வயதைக் கடந்த முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்லதே. இன்றைய விலைவாசியில் அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதை நீங்கள் அறிவீர்கள். விவசாயிகளுக்கென 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் ஓய்வூதியத் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதில் பயன்பெறச் சந்தா கட்ட வேண்டும். முகாமுக்கு முகாம் ஓடித் திரிந்தவர் எந்த அலுவலகத்தில் சந்தா கட்டியிருப்பார்? அமைதியான பகுதி விவசாயிக்கும் எமது விவசாயிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நீதியாகாது. போர்க்காலத்தில் சேர முடியாமற் போனவர்களுக்கு விசேட ஏற்பாடு வேண்டும் என்று எமது கமக்காரர் அமைப்புகள் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

பார்ப்பவருக்கென்று எமது நாட்டில் என்ன உண்டு? ஜேர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறையில் உள்ளது. வீட்டில் வைத்துப் பார்த்தால் அதற்கெனப் பணம் கிடைக்கும். பார்ப்பவர் களைத்தால் பதிலாளுக்கும் உதவி உண்டு. அங்கு வாழும் எமது பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மேலைநாட்டவர் பெற்றோரைக் கைவிட்டவர்கள் என்று ஏளனம் செய்யும் நாம், பெற்றோரைப் பார்ப்பவரை அவர்கள் கைவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஊரின் பங்கு

பெற்றோருக்குச் செய்வதற்கும் கணக்கா என்று சிலர் மனம் வருந்தக்கூடும். அன்புக்குக் கணக்கு இல்லை என்பது சரி. ஆனால் கணக்குப் பார்க்கவேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் கணக்கில் குறைவாகக் கொடுத்தவராகவே இருக்கிறார். பங்கீடு அன்பைக் குறைப்பதில்லை. ஒருவரின் அன்பை மாத்திரம் உறிஞ்சி உலர்த்திவிடாமல் அது காக்கிறது.

கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்ததை மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் சொல்கிறது. கோபுரத்துக்கும் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை அனுப்புவோர் இதைச் சற்று நினைக்க வேண்டும். அதை வாங்குகின்ற நாங்களும், "வீட்டில் அம்மாவின் காரியம் எப்படி?" என்று முதலில் கேட்க வேண்டும். கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இது பொருந்தும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் முதியோர் சங்கங்களும் பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் படுக்கையில் இருக்கும் முதியோர் யார், அவரைப் பார்ப்பவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் இருவர் அந்த வீட்டிற்குப் போய் முதியவரோடு இருக்கட்டும். அந்த நாலு மணித்தியாலம் பார்ப்பவர் நித்திரை கொள்ளலாம், தலை முழுகலாம், தன் நோய்க்கு மருந்து எடுக்கலாம். பிள்ளைகளை இழந்து தனித்துவிட்ட பெற்றோர் வீட்டிற்கு முதலில் போங்கள். அவர்களுக்குக் கூட்டம் கூட்டப் பிள்ளைகள் இல்லை, ஊர்தான் குடும்பம். இதற்குப் பணம் வேண்டாம், வெளிநாட்டு உதவி வேண்டாம். மாறிமாறிக் கதிரறுத்த எமது ஊர்களுக்கு இது தெரியாத பழக்கமும் அல்ல.

அடுத்த சிறுபோகக் கூட்டத்திற்குப் போய் வீடு திரும்பும் ஒவ்வொரு கமக்காரரிடமும் நான் கேட்பது இதுதான். அன்றிரவே உங்கள் சகோதரங்களுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு நாளைக் குறியுங்கள். அன்றைய பேச்சைப் பெற்றோரின் நோயில் தொடங்க வேண்டாம். அவர்களைப் பார்க்கும் உங்கள் தங்கையிடம், "உனக்கு என்ன வேணும், பிள்ளை?" என்று கேட்டுத் தொடங்குங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசாதீர்கள்.